பழைய எம்எக்ஸ்-5 சூடாகிறதா? தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்

என்னுடையது 1991-ஆம் வருட மஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் இஞ்சின். மெல்பர்னில் ஜனவரியில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாள்களில் சிக்னலில் நின்றால் டேஷ்போர்டில் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மெல்ல மேலே ஏறும், வண்டி நகர்ந்ததும் ஒன்றும் தெரியாததுபோல இறங்கிவிடும். அந்தக் கோடை முழுக்க நான் செய்ததெல்லாம் ஒவ்வொரு சாமானாக வாங்கி மாட்டியதுதான். தெர்மோஸ்டாட் (இஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போக வழி திறக்கும் வால்வு), பிறகு ரேடியேட்டர் மூடி, பிறகு புதுக் கூலன்ட். எதை மாற்றினாலும் இரண்டு வாரத்தில் அரை லிட்டர் காணாமல் போய்க்கொண்டே இருந்தது, தரையில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. கடைசியில் ஒரு மெக்கானிக் கடையில் விட்டேன். அவர்கள் எந்தச் சோதனையும் செய்யாமலே ஹெட் கேஸ்கெட் (இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்று முடிவு கட்டி ஒரு தொகையைச் சொன்னார்கள், நான் வண்டியை வாங்கிய விலையில் பாதி அது. கேஸ்கெட் போகவில்லை. என்ன போயிருந்தது என்பதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

சூடாவதும் தண்ணீர் குறைவதும் ஒரே நோய் இல்லை. தண்ணீர் குறைந்ததால் சூடாகலாம், சூடாகிக் கொதித்து வெளியே தள்ளியதால் தண்ணீர் குறைந்திருக்கலாம். எது முதலில் வந்தது என்று தெரியாமல் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் என்னைப் போலத்தான் ஆகும். (இஞ்சினின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் திரவம்தான் கூலன்ட், அதைப் பல இடத்தில் தண்ணீர் என்றே எழுதுகிறேன், பழக்கதோஷம்.) கீழே உள்ளதெல்லாம் 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை வண்டிக்கு, அதாவது ஹெட்லைட் மேலே எழும்பி மூடுமே, அந்த மாடலுக்கு. ஜப்பானிலிருந்து யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் இறக்குமதியானதும் இதே வண்டிதான்.

ஊரில் பெரியப்பா அம்பாசடர் வைத்திருந்தார். ஊட்டிக்கு ஏறும்போது பர்லியாரில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, டிக்கியில் இருக்கும் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றுவது பயணத்தில் ஒரு சடங்கு, அங்கே டீ குடிப்பதைப் போல. அந்த இஞ்சினுக்கு ஹெட்டும் வார்ப்பிரும்பு, பிளாக்கும் வார்ப்பிரும்பு. நாலு தடவை கொதித்தாலும் தாங்கிக்கொள்ளும். எம்எக்ஸ்-5-இல் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒரு தடவை நன்றாகக் கொதிக்கவிட்டாலே ஹெட் வளைந்து, கேஸ்கெட் நசுங்கி, இல்லாத நோயை நாமே வரவழைத்ததாகிவிடும். அதனால் அம்பாசடர் காலத்து "மெதுவா வீடு வரைக்கும் ஓட்டிடலாம்" என்ற பேச்சு இங்கே வேண்டாம்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, அதன் ஃபேனையும் முழு வேகத்தில் போடுங்கள். ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர், கொஞ்சம் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். 40 டிகிரி வெயிலில் இது நரக வேதனைதான், கூரையைத் திறந்துகொள்ளுங்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: முள் மேலே இருக்கிறது, ஆனால் ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது என்றால் உள்ளே தண்ணீர் இல்லை, அல்லது காற்று அடைத்திருக்கிறது. உடனே ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்துங்கள். ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தாலும் அதே கதைதான், சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும், தண்ணீர் போய்விட்டால் அது பாட்டுக்குக் காற்றை அளந்துகொண்டிருக்கும். முள் ஏறுவதோடு பேட்டரியின் சிவப்பு விளக்கும் எரிந்தால் பெல்ட் அறுந்துவிட்டது என்று அர்த்தம். இந்த வண்டியில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது, இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

நிறுத்தியதும் கை பரபரவென்று ரேடியேட்டர் மூடியைத் தேடும். தொடாதீர்கள். மூடி பூட்டிய நிலையில் உள்ளே ஏறத்தாழ 1 பார் அழுத்தம் இருக்கும், அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்துக்கு வரும். மேல் ஹோஸை விரலால் அமுக்கினால் மெத்தென்று அமுங்க வேண்டும், அதுவரை காத்திருங்கள். முக்கால் மணி நேரமாவது ஆகும்.

எப்போது சூடாகிறது?

இந்த ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன் பக்கம் பாருங்கள். நெடுஞ்சாலையில் 100-இல் போகும்போது ஏறி, மெதுவாகப் போனால் இறங்கினால் ரேடியேட்டர் அடைப்பு, அல்லது காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் வேறு வழியில் போகிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிடத்துக்குள்ளேயே உச்சிக்குப் போனால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது தண்ணீர் இல்லை. எப்போது ஏறும் எப்போது இறங்கும் என்றே சொல்ல முடியாமல் முள் ஆடிக்கொண்டிருந்தால் உள்ளே காற்று இருக்கிறது, அந்தக் காற்று எங்கிருந்து வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

ஃபேனைச் சோதிக்க இந்த வண்டியில் அருமையான ஒரு வழி இருக்கிறது. பானெட்டைத் திறந்தால் மூடியில் டயக்னாசிஸ் (DIAGNOSIS) என்று எழுதிய ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி தெரியும். அதைத் திறந்தால் உள் மூடியில் ஒவ்வொரு துளைக்கும் பெயர் போட்டிருக்கும். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்துவிட்டு, டிஎஃப்ஏ (TFA) என்ற துளையையும் ஜிஎன்டி (GND) என்ற துளையையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினால் மோட்டார், அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே, ஃபியூஸ் மூன்றும் சரி. சுற்றாவிட்டால் முதலில் பானெட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியில் கூலிங் ஃபேன் ஃபியூஸ், பிறகு ரிலே, பிறகு மோட்டாருக்கே பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்துப் பார்ப்பது, இந்த வரிசைதான். ஒயரால் இணைத்தால் சுற்றுகிறது, ஆனால் வண்டி சூடானாலும் தானாகச் சுற்றுவதில்லை என்றால் சூட்டை உணரும் பகுதியில்தான் கோளாறு. 1.6 இஞ்சினில் தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் கூட்டின் மேல் ஒரு தெர்மோ சுவிட்ச் இருக்கிறது, 97 டிகிரி வாக்கில் அது ஃபேனை எழுப்பும். 1993-க்குப் பின் வந்த 1.8-இல் அந்த வேலையை இஞ்சின் கணினி பார்த்துக்கொள்கிறது, அங்கே சந்தேகப்பட வேண்டியது கணினிக்குத் தகவல் சொல்லும் சென்சாரையும் அதன் பிளக்கையும். முப்பது வருடத்து ஒயர் பிளக்குகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், சாமான் வாங்கும் முன் கழற்றிச் சுரண்டி மாட்டிப் பாருங்கள்.

ஒரு விஷயம், 88 டிகிரி வாக்கில் தெர்மோஸ்டாட் திறக்கும், ஃபேன் வருவது 97-இல், ஆக நிற்கும்போது முள் கொஞ்சம் ஏறி, ஃபேன் வந்ததும் இறங்குவது நோய் இல்லை. அப்படித்தான் அது வேலை செய்யும்.

நெடுஞ்சாலையில் மட்டும் சூடாகிற வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள். முன் பம்பருக்கு அடியில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தட்டு இருக்க வேண்டும். பெரும்பாலான பழைய வண்டிகளில் இது இருக்காது, யாரோ ஒரு ஆயில் சர்வீஸில் கழற்றி, போல்ட் காணவில்லை என்று அப்படியே விட்டிருப்பார்கள். பார்த்தால் வெறும் சேறு தடுக்கும் தகடு மாதிரி இருக்கும், ஆனால் முன்வாயில் நுழையும் காற்றை ரேடியேட்டரை நோக்கித் திருப்புவதே அதுதான். அது இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டருக்கு அடியில் சுலபமாக நழுவிப் போய்விடும். பெரிய அலுமினிய ரேடியேட்டருக்குப் பணம் கொட்டியும் சூடு இறங்காத வண்டிகளில் இந்தத் தட்டு இல்லாததுதான் காரணமாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அங்கே இருக்கும்போதே ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த இலை, பூச்சி, ஒரு பிளாஸ்டிக் பை, எல்லாம் அங்கே குடியிருக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கையாலேயே சோதிக்கலாம். இந்த இஞ்சினில் அது ஹெட்டின் முன்பக்கத்தில், சூடான தண்ணீர் வெளியேறும் வாயில் இருக்கிறது. ஆகவே காலையில் ஸ்டார்ட் பண்ணினால் மேல் ஹோஸ் சில நிமிடம் வெறும் வெதுவெதுப்பாகவே இருந்து, பிறகு தொட முடியாத அளவுக்குச் சட்டென்று சூடாக வேண்டும். முள் நடுவைத் தாண்டியும் மேல் ஹோஸ் ஆறியே இருந்தால் தெர்மோஸ்டாட் மூடியே கிடக்கிறது. ஸ்டார்ட் பண்ணியதிலிருந்தே மேல் ஹோஸில் சூடு ஏறிக்கொண்டே வந்தால், திறந்தே சிக்கிக்கொண்டிருக்கிறது, வண்டி சூடேறவே நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். இன்னும் சந்தேகம் என்றால் கழற்றி, நூலில் கட்டி, பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வையுங்கள், அடியில் படாமல் தொங்க வேண்டும், பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். 88-க்கு முன்பின்னாகத் திறக்க ஆரம்பித்து, கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். அப்புறம் அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்பி வைக்காதீர்கள், எங்கள் வீட்டில் இதனால் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. திரும்ப மாட்டும்போது தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் ஆடும் சின்ன ஊசி மேல்பக்கம் வரட்டும், காற்று வெளியேற அதுதான் வழி.

நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு ஒரு கைவைத்தியம் உண்டு, வண்டி சூடானால் தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடுவது. இதில் செய்யாதீர்கள். இஞ்சின் குளிர்ந்தே ஓடும், கணினியும் இஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நம்பிப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும், உண்மையான கோளாறு மறைந்துபோய் அடுத்த கோடையில் பெரிதாக வந்து நிற்கும்.

தண்ணீர் குறைகிறது, எங்கே?

முதலில் அளக்க ஆரம்பியுங்கள். காலையில், இரவெல்லாம் ஆறிய வண்டியில், ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். ஓரத்தில் நிற்கும் பிளாஸ்டிக் பாட்டிலை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். அந்தப் பாட்டிலில் அழுத்தம் கிடையாது, ரேடியேட்டர் சூடாகும்போது மிஞ்சியதை வாங்கி வைத்து, ஆறும்போது திருப்பிக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. பாட்டில் நிறைய இருக்கிறது, ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்றால், போன தண்ணீர் திரும்பி வரவில்லை. மூடியின் அடியில் இருக்கும் சின்ன வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம், பாட்டிலுக்குப் போகும் மெல்லிய குழாயில் வெடிப்பு இருந்து, தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சலாம். மூடியின் ரப்பரில் நகத்தால் கீறினால் பள்ளம் விழுந்து நிற்கிறது என்றால் புதிது வாங்குங்கள், விலை அதிகமில்லை. பழைய மூடியில் போட்டிருக்கும் அதே அழுத்தத்துக்கு வாங்குங்கள், அதிக அழுத்தம் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், முப்பது வருட ஹோஸுக்கு அது நல்லதில்லை.

பிறகு கண்ணால் தேடுவது. கசிந்த கூலன்ட் சூட்டில் ஆவியாகிவிடும், ஆனால் சுவடு விட்டுப்போகும். ஹோஸ் முனைகளில், இணைப்புகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்தது போல ஒரு படிவு. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் செலவழியுங்கள். ஏசி ஓடிய வண்டிக்கு அடியில் சொட்டும் நிறமற்ற தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது காற்றிலிருந்து இறங்கிய ஈரம். கூலன்ட் விரலில் பிசுபிசுக்கும், லேசான இனிப்பு வாடை அடிக்கும். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். தரையில் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள், நாயோ பூனையோ நக்கிவிடும்.

கண்ணில் படாவிட்டால் பிரஷர் டெஸ்டர். மூடியின் இடத்தில் மாட்டிக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றும் கருவி, ஒரு மீட்டரும் கூட இருக்கும். மூடியில் போட்டிருக்கும் அளவு வரை ஏற்றி, அதற்கு மேல் வேண்டாம், கால் மணி நேரம் விடுங்கள். முள் இறங்காமல் நின்றால் கசிவு இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பி ஏமாந்தேன். ஆறிய வண்டியில் முள் அசையவே இல்லை. அப்புறம் ஒரு நாள் சும்மா, வண்டியை அரை மணி ஓட்டிக் கொண்டுவந்து, மூடியைத் திறக்கும் அளவுக்கு மட்டும் ஆறவிட்டு, இன்னும் நல்ல சூடு இருக்கும்போதே டெஸ்டரை மாட்டினேன். மீட்டர் கண் முன்னே இறங்கியது. டார்ச் அடித்தால் ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியில், ஹோஸ் வந்து சேரும் கழுத்துக்குப் பக்கத்தில், மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அதிலிருந்து பனிமூட்டம் போல வந்து, ஃபேன் கூட்டுக்கு மேலே பட்டு, அங்கேயே காய்ந்துகொண்டிருந்தது. ஆறினால் விரிசல் மூடிக்கொள்ளும். தரையில் ஏன் ஒரு சொட்டும் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஃபேன் கூட்டின் மேல் ஒரு வெளிறிய கோடு இருந்ததை அதுவரை நான் எத்தனையோ தடவை பார்த்து, தூசி என்று துடைத்திருக்கிறேன்.

இந்த வண்டிக்கு ரேடியேட்டர் வயதைச் சொல்ல ஒரு நிறம் உண்டு. கம்பெனி ரேடியேட்டரின் மேல் தொட்டி கறுப்பு பிளாஸ்டிக். வருடக்கணக்கில் சூட்டில் வெந்து அது பழுப்பாகிவிடும். பழுப்பு ரேடியேட்டர் இன்றைக்கு ஒழுகவில்லை என்றாலும் நாளைக்கு ஒழுகும், என் கருத்தில் அதைச் சோதித்துக்கொண்டிருப்பதே வீண், மாற்றிவிடுங்கள். கறுப்பாகவே இருந்து, ஆனால் அடைப்பு என்று சந்தேகம் வந்தால், லேசரால் குறிபார்த்துச் சூட்டை அளக்கும் துப்பாக்கி மாதிரிக் கருவி ஒன்று இருக்கிறதே, அதை வைத்து ரேடியேட்டரின் பின்பக்கத்தைக் கட்டம் கட்டமாக அளந்து பாருங்கள். மேலிருந்து கீழே சீராகக் குறைந்துகொண்டு வர வேண்டும். நடுவில் எங்காவது சட்டென்று குளிர்ந்த திட்டு இருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை.

ரேடியேட்டர் மாற்றியதும் என் வண்டியில் சூடு நின்றது, தண்ணீர் குறைவது முழுக்க நிற்கவில்லை. வாரம் ஒரு டம்ளர். இரண்டாவது கசிவு, இஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருந்தது. திராட்டில் பாடிக்கு அருகே ஐடிலை (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இஞ்சின் ஓடும் வேகம்) பார்த்துக்கொள்ளும் வால்வுக்கும் கூலன்ட் போய் வருகிறது, விரல் தடிமன் குட்டை ஹோஸ்கள். வண்டி பிறந்ததிலிருந்து அவற்றை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவு மோசமான இடம். மேலிருந்து தெரியாது, கீழிருந்து கை எட்டாது. இதேபோல மறைந்திருக்கும் இன்னொரு இடம் இஞ்சினுக்குப் பின்னால், ஃபயர்வாலுக்கு (இஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தகட்டுச் சுவர்) பக்கம், ஹீட்டருக்குப் போகும் ஹோஸ்கள். அங்கே வெடித்தால் சில நிமிடத்தில் மொத்தத் தண்ணீரும் போய்விடும், முள் ஏறுவதற்குள்ளே. எல்லா ஹோஸையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள், ஒன்று போய்விட்டது என்றால் மற்றவையும் அதே வயதுதான். இஞ்சினின் பின்பக்கம் ஈரமாக இருப்பதைப் பார்த்ததும் கூலன்ட் என்று முடிவுகட்ட வேண்டாம். கேம் ஆங்கிள் சென்சார் அங்கேதான் இருக்கிறது, அதன் ஓ-ரிங் வெடித்து ஆயில் ஒழுகுவது இந்த வண்டியில் சர்வ சாதாரணம். விரலில் தேய்த்தால் வித்தியாசம் தெரியும்.

டேஷ்போர்டுக்கு அடியில் கார்ப்பெட் ஈரம், ஹீட்டர் போட்டால் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்காகப் பனி படிவது, காருக்குள் இனிப்பு வாடை, இவை சேர்ந்து வந்தால் ஹீட்டர் கோர், அதாவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் அந்தக் குட்டி ரேடியேட்டர், ஒழுகுகிறது. டேஷ்போர்டைக் கழற்ற வேண்டிய வேலை, அதற்கு ஒரு சனி ஞாயிறு போகும். ரேடியேட்டருக்குள் ஊற்றினால் ஓட்டையை அடைக்கும் மருந்து என்று பாட்டிலில் விற்கிறார்களே, அதை இந்த இடத்தில் பலர் ஊற்றிப் பார்க்கிறார்கள். அது ஓட்டையையும் அடைக்கும், ஹீட்டர் கோரின் நல்ல குழாய்களையும் சேர்த்து அடைக்கும்.

வாட்டர் பம்ப் போனால் இஞ்சினின் முன்பக்கம், டைமிங் கவருக்கு அடியிலிருந்து சொட்டும். பம்பில் அதற்கென்றே ஒரு சின்னத் துளை விட்டிருக்கிறார்கள், உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியே வெளியே காட்டிக்கொடுக்கும். இஞ்சினை நிறுத்திவிட்டுப் பம்பின் புல்லியைப் பிடித்து ஆட்டுங்கள், ஆடினால் பேரிங் போய்விட்டது. பம்பைச் சுற்றுவது வெளி பெல்ட்தான் என்றாலும் கழற்ற டைமிங் பெல்ட் வரை இறங்க வேண்டும். அதனால் சுமார் 1,00,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை டைமிங் பெல்ட் மாற்றும்போதே பம்பையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம், கூலி ஒன்றுதான்.

கேஸ்கெட்டாகவே இருந்தால்?

வெளியே எங்கும் கசிவில்லை, சூடான வண்டியில் டெஸ்டர் மாட்டியும் தெரியவில்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறது என்றால் மட்டும் ஹெட் கேஸ்கெட்டைப் பற்றி யோசியுங்கள். காலையில் ஆறிய வண்டியை ஸ்டார்ட் பண்ணிய ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி விறைத்தால் அது சூட்டால் வந்த அழுத்தம் இல்லை, சிலிண்டரிலிருந்து வாயு தண்ணீருக்குள் நுழைகிறது. மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டால் குமிழ் வந்துகொண்டே இருக்கும், ஆரம்பத்தில் வரும் நாலு குமிழைச் சொல்லவில்லை, நிற்காமல் வர வேண்டும். உறுதிப்படுத்த, நீல நிறத் திரவம் ஊற்றிய கண்ணாடிக் குழாய் ஒன்று விற்கிறார்கள். ரேடியேட்டரில் தண்ணீரை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டு, வாயில் அதை வைத்து, உள்ளிருந்து வரும் காற்றைத் திரவத்தின் வழியே உறிஞ்ச வேண்டும். எரிந்த வாயுவில் கரியமில வாயு இருப்பதால் நீலம் மஞ்சளாகும். நீலமாகவே இருந்தால் வேறொரு நாள், வண்டியை நன்றாக மிதித்து ஓட்டிவிட்டு வந்து இன்னொரு தடவை செய்யுங்கள், சின்னக் கசிவு சுமை இருக்கும்போதுதான் வெளியே வரும். நான் இதை மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் நீலம். அந்த மெக்கானிக் கடைக்காரர்களுக்கு இதைச் செய்ய அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோலப் பளிச்சென்றிருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போய் நீராவியாகிச் சுத்தம் செய்திருக்கிறது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) அளக்கும்போது பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்தே குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது. ஆயில் மூடிக்கு அடியில் மோர் நிறத்தில் கொழகொழவென்று இருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், குளிர்காலத்தில் சின்னச் சின்னத் தூரம் ஓட்டினால் எந்த வண்டியிலும் அது வரும். டிப்ஸ்டிக்கிலும் அப்படியே இருந்தால் கவலைப்படலாம். ஹெட்டைக் கழற்றும் நிலை வந்தால் சமதளமாக இருக்கிறதா என்று அளந்து, தேவைப்பட்டால் ஃபேஸ் அடித்த (மெஷினில் சீவி மட்டமாக்கிய) பிறகே மாட்டுங்கள், புதுக் கேஸ்கெட்டை வளைந்த ஹெட்டின் மேல் வைத்தால் பழைய கதைதான்.

இந்த இஞ்சின் பின்பக்கம் ஏன் அதிகம் சூடாகிறது என்று யாராவது கேட்பார்கள். இது முதலில் ஃபெமிலியா மாதிரி முன்சக்கர வண்டிகளில் குறுக்காக வைக்கச் செய்த இஞ்சின் குடும்பம். அங்கே தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். நீளவாக்கில் திருப்பி எம்எக்ஸ்-5-இல் வைத்தபோது அந்த மறுமுனை ஃபயர்வாலில் முட்டியதால் வெளியேறும் வாயை முன்பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். விளைவு, நாலாவது சிலிண்டருக்கு மற்றவற்றைவிடக் குறைவாகவே தண்ணீர் ஓடுகிறது. டர்போ போட்டவர்களும் ரேஸ் ஓட்டுகிறவர்களும் வாயைத் திரும்பப் பின்னுக்கு மாற்றும் கிட் வாங்கிப் போடுகிறார்கள். சாதாரண வண்டிக்கு அது வேண்டியதில்லை.

எல்லாம் மாற்றியாயிற்று, இனி நிரப்புவது. மொத்தம் ஏறத்தாழ 6 லிட்டர் பிடிக்கும், வடித்ததை ஒரு வாளியில் பிடித்து அளந்துகொண்டால் எவ்வளவு திரும்பப் போக வேண்டும் என்று தெரியும். ஜப்பான் வண்டிகளுக்கான சிலிக்கேட் இல்லாத கூலன்டும் பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீரும் பாதிக்குப் பாதி. குழாய்த் தண்ணீர் வேண்டாம், போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அந்த உப்புத்தான் ரேடியேட்டருக்குள் சுண்ணாம்பாகப் படியும். உள்ளே ஏற்கெனவே என்ன நிறக் கூலன்ட் இருந்தது என்று தெரியாவிட்டால் முழுக்கக் கழுவிவிட்டு ஊற்றுங்கள், சில வகைகள் கலந்தால் கெட்டியாகிவிடும், நிறத்தை வைத்து வகையைச் சொல்லவும் முடியாது.

வண்டியின் மூக்கைச் சரிவில் மேலே தூக்கி நிறுத்துங்கள், ரேடியேட்டர் வாய்தான் மிக உயரமான இடமாக இருக்க வேண்டும். மூடி திறந்தபடியே மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் பிசைந்துகொடுங்கள், பால் கறப்பது மாதிரி. காற்று குபுக் குபுக்கென்று வரும். ஸ்டார்ட் பண்ணி ஐடிலில் விட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள். ஹீட்டர் குமிழைச் சூட்டுப் பக்கம் திருப்பினால்தான் அங்கே தண்ணீர் போகும் என்று பலர் சொல்வார்கள். இந்த வண்டியில் ஹீட்டருக்குத் தண்ணீர் வால்வே கிடையாது, எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் திருப்பி வையுங்கள், காற்று சூடாக வருகிறதா என்று பார்க்க. தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் ஒரு தடவை சட்டென்று இறங்கும், திரும்ப நிரப்பி, ஃபேன் இரண்டு தடவை வந்து போகும் வரை விட்டு, மூடியைப் போடுங்கள். கூலன்ட் வழிந்தால் பெயின்டிலும் பெல்ட்டிலும் படாமல் துடைத்துவிடுங்கள்.

மறுநாள் காலையில் ஆறிய பிறகு திறந்து பார்த்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும், கால் லிட்டர் வரை பிடிக்கும், அது கசிவு இல்லை, ஒளிந்திருந்த காற்று. நிரப்பிவிட்டு பாட்டிலில் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு நேராக ஒரு டேப் ஒட்டித் தேதியை எழுதுங்கள். என் வண்டியில் இப்போது ஒட்டியிருப்பது போன மார்ச்சில் ஒட்டியது, மட்டம் இன்னும் அதே கோட்டில்தான் இருக்கிறது.